கிரேட் 5-க்குப் பிறகு ஒரு பீஸ்

நம்ம வீடுகள்ல ஒரு பியானோ இருக்கும். பெரும்பாலும் டிஜிட்டல் பியானோ, ஹால் ஓரத்துல சுவரை ஒட்டி. மேல ரெண்டு குடும்ப போட்டோ, ஸ்கூல்ல செஞ்ச ஒரு களிமண் யானை, டிரையர்ல இருந்து எடுத்து மடிக்காம கிடக்கிற துணி. வாங்கினது பிள்ளைக்காக. பிள்ளை வாரத்துல மூணு நாள், பதினைஞ்சு நிமிஷம் உட்காரும். அதுவும் நாலு தடவை கூப்பிட்டா. மீதி நேரம் அது ஒரு மேசை.

ஆனா அந்த வீட்டுலயே பியானோ வாசிக்கத் தெரிஞ்ச இன்னொரு ஆள் இருக்கலாம். அது நீங்க. சின்ன வயசுல கிரேட் 4, கிரேட் 5 வரைக்கும் போனவங்க நம்ம நடுவுல நிறைய பேர். சனிக்கிழமை காலைல தமிழ்ப் பள்ளி, மத்தியானம் பரதமோ மிருதங்கமோ, நடுவுல ஒரு பியானோ கிளாஸ். அப்பா கார்லயே உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டு இருப்பார். சர்டிபிகேட் பிரேம் போட்டு இன்னும் அம்மா வீட்டுச் சுவர்ல தொங்கும். "ஏதாவது ஒண்ணு வாசியேன்"னு இப்ப யாராவது கேட்டா, விரலுக்கு ஒண்ணும் வராது.

ஏன் வராதுன்னு ஒரு சின்ன கணக்குப் போட்டாலே தெரிஞ்சிடும். 1889-ல தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் வழக்கமான கிரேட் தேர்வுக்கு மூணு பீஸ் வாசிக்கணும். அதோட ஸ்கேல், பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, காதால் கேட்டுப் பதில் சொல்வது. வருஷத்துக்கு ஒரு கிரேட்னு வச்சா, அஞ்சு வருஷத்துல பதினைஞ்சு பீஸ். ஒவ்வொண்ணையும் எட்டு மாசம் அரைச்சு, தேர்வு முடிஞ்ச மறுநாள் மூடி வச்சிட்டோம். அந்தப் பதினைஞ்சையும் தேர்ந்தெடுத்தது டீச்சரும் சிலபஸும். நமக்கு எது பிடிக்கும்னு யோசிக்கவே வேண்டி இருக்கலை. அதனால முப்பத்தஞ்சு வயசுல மறுபடி பியானோ முன்னாடி உட்காரும்போது வர்ற முதல் சிக்கல் விரல் சம்பந்தப்பட்டது கிடையாது. எதை வாசிக்கிறது? அதுதான் கேள்வி.

கர்நாடக சங்கீதத்துல இதுக்கு ஒரு நல்ல சொல் இருக்கு: உருப்படி. "உன்கிட்ட எத்தனை உருப்படி இருக்கு?"ன்னு கேட்பாங்க. யார் எப்ப கேட்டாலும் எடுத்து வைக்கிற மாதிரி, கையில இருக்கிற சரக்கு. கிரேட் முறையில வளர்ந்த நமக்கு இல்லாம போனது அதுதான்.

கனவு பீஸ்

திரும்ப வர்ற எல்லாரும் முதல்ல தேடுறது அவங்க கனவு பீஸைத்தான். ஷோபானோட ஃபான்டஸி இம்ப்ராம்ப்டு, பேத்தோவனோட மூன்லைட் சொனாட்டா மூணாவது பகுதி, இல்லைனா லிஸ்ட். வீடியோவுல பார்த்தா பதினோரு வயசுக் குழந்தை ஒண்ணு அநாயாசமா வாசிக்குது, நமக்கு என்ன குறைச்சல்னு தோணும். மூணு வாரத்துல முதல் பக்கத்துலயே மாட்டி, பியானோ மறுபடி மேசையாயிடும்.

கனவு பீஸை எடுத்து உண்மையிலேயே முடிச்சவர் ஒருத்தர் இருக்கார். லண்டன் கார்டியன் நாளிதழின் ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஷோபானின் முதல் பாலாட், ஜி மைனர், ஓபஸ் 23-ஐக் கற்றுக்கொள்ளத் தனக்கு ஒரு வருஷம் கெடு வைத்துக்கொண்டார். தொழில்முறைக் கலைஞர்களே பயப்படும் பீஸ் அது. கடைசி இரண்டு பக்கம் தீப்பிடித்த மாதிரி ஓடும். விக்கிலீக்ஸ் விவகாரமும் போன் ஒட்டுக்கேட்பு விவகாரமும் அவர் மேசையில் குவிந்திருந்த காலம் வேற. காலையில் இருபது நிமிஷம் கிடைத்தால் அதுவே பெரிசு. வருஷக் கெடு தாண்டியும் விடவில்லை. வாசித்து முடித்து, 2013-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அதை முன்மாதிரியா எடுத்துக்கச் சொல்ல மாட்டேன். அவருக்கு நல்ல ஆசிரியர்கள் கிடைச்சாங்க, உலகப் புகழ் பெற்ற பியானிஸ்டுகள் கிட்டயே போய் யோசனை கேட்க முடிஞ்சுது. நமக்குக் கிடைக்கிறது ராத்திரி ஒன்பதரை மணிக்கு, பிள்ளை தூங்கினப்புறம், ஹெட்போன் மாட்டிக்கிட்டு இருபது நிமிஷம்.

நான் வச்சிருக்கிற அளவுகோல் ரொம்ப எளிசு. புது பீஸைத் திறந்து முதல் நாளே, எவ்வளவு மெதுவா ஆனாலும் சரி, ரெண்டு கையும் சேர்த்து முதல் எட்டு பாரைத் தட்டுத்தடுமாறியாவது கடக்க முடியணும். பார்னா நம்ம ஆவர்த்தனம் மாதிரி ஒரு துண்டுன்னு வச்சுக்கங்க. அதைக் கடக்க முடியலைன்னா அந்த பீஸுக்கு இன்னும் நேரம் வரலை. ஆறு வாரத்துக்குள்ள முழுசா ஒரு வடிவம் வரலைன்னாலும் எடுத்து வச்சிடலாம். பீஸ் எங்கயும் ஓடிப் போகாது. ஷோபான் 1849-லயே போய்ச் சேர்ந்துட்டார்.

கடினம் எவ்வளவுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கு. ஏபிஆர்எஸ்எம் சிலபஸ் இணையத்தில் இலவசம். தேர்வு எழுதாதவங்களும் பட்டியலைப் பார்க்கலாம். கனடாவில் இருக்கிறவங்களுக்கு ராயல் கன்சர்வேட்டரி பட்டியல். ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம் தன் நீல அட்டைப் புத்தகங்களில் இருக்கிற பீஸ்களுக்கு 1 முதல் 9 வரை கடின எண் போட்டுத் தளத்தில் வைத்திருக்கிறது. நீங்க விட்ட கிரேடுக்கு ரெண்டு கிரேட் கீழ இருந்து தொடங்குங்க. கௌரவம் கொஞ்சம் அடிபடும், பரவாயில்ல. மொசார்ட் 1788-ல் தன் கைப்பட எழுதிய பட்டியலில், கே.545 சொனாட்டாவை ஆரம்ப நிலைக்காரர்களுக்கு என்றுதான் குறித்திருக்கிறார். அதை வாசிச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்த மனுஷனோட ஆரம்ப நிலை எதுன்னு!

சின்னது, ஆனா உண்மையானது

பெரியவங்க கைக்கு அடங்குற, ஆனா குழந்தைப் பாட்டு மாதிரி தோணாத பீஸ்கள் நிறைய இருக்கு. நான் யாராவது கேட்டா முதல்ல சொல்றது பாஹ் எழுதின சி மேஜர் பிரெலூட். 1722-ம் வருஷத் தொகுப்பின் முதல் பீஸ், மொத்தம் 35 பார். ஒவ்வொரு பாரிலும் அஞ்சே ஸ்வரம், இடது கைக்கு ரெண்டு, வலது கைக்கு மூணு. அதே கோலத்தை ரெண்டு தடவை போட்டா பார் முடிஞ்சுது. கடைசி மூணு பார்லதான் கோலம் மாறும். கத்துக்கிற வழியும் அதுக்குள்ளயே இருக்கு: முதல் வாரம் ஓட்டத்தை மறந்துட்டு, அஞ்சு ஸ்வரத்தையும் ஒரே சமயத்துல அழுத்திப் பிடிச்சு, ஒரு பார்ல இருந்து அடுத்த பாருக்குக் கை எப்படி நகருதுன்னு மட்டும் பாருங்க. பல இடத்துல ஒண்ணு ரெண்டு விரல்தான் நகரும். ரெண்டாவது வாரம் அதைப் பிரிச்சு வாசிச்சா பீஸ் தானா வந்து நிக்கும்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. உங்க தாள்ல 36 பார் இருந்தா ஆச்சரியப்படாதீங்க. ஷ்வெங்கே என்கிற ஒருவர், ரெண்டு பாருக்கு நடுவில் ஏதோ விட்டுப்போச்சுன்னு நினைத்து, தானே ஒரு பாரைச் சேர்த்துவிட்டார். பழைய பதிப்புகள் பலவற்றில் அது அப்படியே ஏறிப்போனது. கூனோ இந்த பிரெலூட் மேல் ஆவே மரியா மெட்டைப் போட்டபோது அந்தக் கூடுதல் பாரும் அதுக்குள் போய்விட்டது. ஐஎம்எஸ்எல்பி தளத்தில் காப்புரிமை முடிந்த இசைத்தாள் லட்சக்கணக்கில் இலவசமா கிடைக்குது. 2006-ல் இருந்து இயங்கும் அற்புதமான இடம். ஆனா அங்க இருக்கிற பல பதிப்புகள் நூறு, நூத்தம்பது வருஷம் பழசு. வேக எண், பெடல் குறி, வளைகோடு எல்லாம் யாரோ ஒரு எடிட்டர் தன் ருசிக்குச் சேர்த்தது. ஒரே பீஸுக்கு ரெண்டு பதிப்பை இறக்கிப் பக்கத்துல வச்சுப் பார்த்தா எது இசையமைப்பாளர் போட்டது, எது ஒட்டுன்னு ஓரளவு புலப்படும்.

அடுத்து, எல்லாரும் பாஹ் எழுதினதுன்னு நினைச்சு வாசிச்ச ஜி மேஜர் மினுவெட். அவர் மனைவி அன்னா மக்தலேனாவுக்கான 1725-ம் வருஷ நோட்டுப் புத்தகத்தில் இருந்தாலும், எழுதியவர் கிறிஸ்டியான் பெட்சோல்ட் என்று 1970-களில் தெரிந்தது. ஒரு குடும்பத்தோட வீட்டு நோட்டு அது. யார் யாரோ எழுதினதை, பிடிச்சதைப் பிரதி எடுத்து வச்சிருக்காங்க. நம்ம பாட்டிகள் பாட்டு நோட்டு வச்சிருந்த மாதிரியேதான்.

ஃபியூர் எலீஸ் பத்திச் சொல்லாம இருக்க முடியாது. கையெழுத்துப் பிரதியில் 1810-ம் வருஷத் தேதி. அச்சானது 1867-ல், பேத்தோவன் இறந்து நாற்பது வருஷம் கழித்து. முதல் பக்கம் எல்லாருக்கும் வரும். அதுக்கப்புறம் எஃப் மேஜர்ல ஒரு வேகமான பகுதி வந்து பாதிப் பேரை வாசல்லயே நிறுத்திடும். முதல் பகுதியை மட்டும் வாசிச்சு நிறுத்தினா யாரும் கைது பண்ண மாட்டாங்க. மூன்லைட் சொனாட்டா முதல் பகுதி இதுக்கு நேர் எதிர். ஸ்வரமெல்லாம் சுலபமா கைக்கு வந்துடும், அப்புறம்தான் கஷ்டமே. வலது கையின் சுண்டுவிரல் மெட்டைப் பாடணும், அதே கையின் மத்த விரல்கள் அடியில மெல்ல முணுமுணுக்கணும். ஒரே கைக்குள்ள ரெண்டு பேர் வேலை.

பார்ட்டோக் 1908-09-ல் எழுதிய 'குழந்தைகளுக்காக' தொகுப்பை நம்ம ஆட்கள் அதிகம் திறக்கிறதில்லை. திறக்கணும். ஹங்கேரி, ஸ்லோவாக்கிய கிராமங்களின் நாட்டுப்பாடல்கள், ஒவ்வொண்ணும் ஒரு பக்கம், அரைப்பக்கம். அந்த மெட்டுகள்ல பல மேஜர், மைனர் கட்டுக்குள்ள நிக்காது. ராகம் கேட்டுப் பழகின காதுக்கு அது அந்நியமா தோணாது. டோரியன்னு சொல்றது ஸ்வர வரிசையில நம்ம கரகரப்பிரியா, லிடியன் கல்யாணி, மிக்ஸோலிடியன் அரிகாம்போதி. ஸ்வரம் மட்டும்தான் ஒண்ணு, பியானோவுல கமகம் வராது. ஆனாலும் வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்குச் சட்டுனு ஒரு கதவு திறக்கும்.

அம்மாவுக்காகத் தேடினது

என் அம்மாவுக்குப் போன வருஷம் காது கேட்கும் கருவி மாட்டினாங்க. பேச்சு நல்லா கேட்குது. பாட்டுதான் போயிடுச்சு. முப்பது வருஷமா காலைல எம்.எஸ். கேட்காம காபி குடிக்காதவங்க, "எல்லாம் தகரத்தைத் தட்டுற மாதிரி கேக்குதுப்பா"ன்னு சொல்லிட்டு போன்ல பாட்டு வைக்கிறதையே நிறுத்திட்டாங்க. சொன்ன விதம் சாதாரணமா, உப்பு கம்மியா இருக்குன்னு சொல்ற மாதிரி இருந்தது. அதுதான் என்னைப் போட்டு அரிச்சுது. என்னோட பியானோ கிளாஸுக்காக வருஷக்கணக்கா சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்தவங்க அவங்க. அதுக்கு ஈடா ஒரு முழு பீஸ்கூட அவங்க கேட்டதில்லை, தேர்வுக்கு அரைச்சதை மட்டும்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்காங்க.

வயசானா முதல்ல குறையுறது உயர் அதிர்வெண் கேட்கும் திறன். பியானோவின் கடைசிச் சாவி 4,186 ஹெர்ட்ஸ், நடு சி 262 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேல கிளைக்கிற உப ஸ்வரங்கள் வேற. கருவி முக்கியமா பேச்சுக்காக அமைக்கப்பட்டது. திடீர்னு உரக்க வர்ற ஒலியை அமுக்கும், இரைச்சல்னு நினைச்சு நீட்டி ஒலிக்கிறதை வெட்டும். ஆடியாலஜிஸ்ட் கிட்ட கேட்டு, இசைக்குன்னு தனியா ஒரு அமைப்பைச் சேர்த்துக்கிட்டோம். உங்க அம்மா அப்பாவுக்குக் கருவி இருந்தா இதைக் கண்டிப்பா கேட்டுப் பாருங்க. பல கருவிகள்ல இந்த வசதி உண்டு, கேட்டாத்தான் போட்டுத் தருவாங்க.

அதுக்கப்புறம் பீஸ் தேடினேன். நிபந்தனை மூணு: மெதுவா இருக்கணும், கீபோர்டோட நடுப்பகுதியில நடக்கணும், ஒரே நேரத்துல நிறைய ஸ்வரம் மோதக் கூடாது. சாட்டியோட முதல் ஜிம்னோபெடி, ஷூமனோட 'குழந்தைக் காட்சிகள்' தொகுப்பின் முதல் பீஸ், ஷோபானோட ஈ மைனர் பிரெலூட், இந்த மூணுல வந்து நின்னுது.

ஷூமன் பீஸோட பேர் 'அந்நிய நாடுகளையும் மனிதர்களையும் பற்றி'. 22 பார்தான். 1838-ல் எழுதிய அந்தத் தொகுப்பு குழந்தைகள் வாசிக்க எழுதப்பட்டதில்லை, பெரியவங்க தங்கள் குழந்தைப் பருவத்தை நினைச்சுப் பார்க்கிறது. குழந்தைகளுக்காகன்னே அவர் எழுதியது பத்து வருஷம் கழித்து வந்த ஓபஸ் 68. அதில் சில பீஸ்களை மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்காக எழுதினார். அந்நிய நாட்டுல வந்து நாற்பது வருஷம் இருந்த அம்மாவுக்கு அந்தத் தலைப்பைச் சொன்னேன். "நமக்கேத்த பேருதான்"னாங்க. ஆனா வாசிச்சப்ப நடுவிரல் ஓட்டம் அவங்களுக்குக் குழம்பியே கேட்டுது.

ஷோபான்தான் போய்ச் சேர்ந்தார். ஓபஸ் 28-ன் நாலாவது பிரெலூட், 25 பார், ஒரே பக்கம். வலது கை பெரும்பாலும் ரெண்டு பக்கத்து ஸ்வரங்களுக்கு நடுவுல முனகிட்டே இருக்கும். இடது கை ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஸ்வரமா அரைப்படி, அரைப்படியா கீழ இறங்கும். ஷோபானின் இறுதிச் சடங்கில் பாரிஸ் மதலேன் ஆலயத்தில் ஆர்கனில் இதையும் வாசித்தார்கள். படிச்சு முடிக்க எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு. கார்டு ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு எந்த விரல் இறங்குதுன்னு நினைவு வைக்கிறதுதான் முழு வேலையும். டிஜிட்டல் பியானோவுல வேணாம்னு, தெரிஞ்சவங்க வீட்டுல இருக்கிற நிஜ அப்ரைட் பியானோவுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்துல நாற்காலி போட்டு, மரத்து மேல கையை வச்சுக்கச் சொன்னேன். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் கையை எடுக்கல. "இடது கை பாட்டுக்கு அழுதுகிட்டே படி இறங்குது. வலது கை பார்த்துக்கிட்டே நிக்குது"ன்னாங்க. அப்புறம், "இன்னொரு தடவை, இன்னும் மெதுவா"ன்னாங்க.

இருபது நிமிஷத்துல என்ன செய்ய முடியும்

நிறைய செய்யலாம், ஆனா முதல் பார்ல இருந்து கடைசி பார் வரைக்கும் திரும்பத் திரும்ப வாசிக்கிறதை விட்டாத்தான். நம்ம எல்லாருக்கும் இருக்கிற பழக்கம் அது. தப்பு வர்ற இடத்துல தடுக்கி, மறுபடி முதல்ல இருந்து. அப்படிச் செஞ்சா முதல் வரி முந்நூறு தடவை பழகியிருக்கும், கடைசி வரி முப்பது தடவை. பீஸ் போகப் போக மோசமாகும்.

சாப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். பக் இருக்குன்னா முழு புரோகிராமையும் நூறு தடவை ஓட்டிப் பார்க்க மாட்டோம். எது தோற்குதோ அந்தச் சின்னத் துண்டைத் தனியா வெட்டி எடுப்போம். பீஸ்லயும் அதேதான். பெரும்பாலும் தப்பு ஒரு பாருக்குள்ள இருக்காது, ரெண்டு பார் சேர்ற மூட்டுல இருக்கும். கை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுற அந்த நொடி. அதனால ஒரு பாரைத் தனியா பழகும்போது அடுத்த பாரோட முதல் ஸ்வரம் வரைக்கும் போய்த்தான் நிறுத்தணும். நியூயார்க்கர் பத்திரிகையாளர் சார்ல்ஸ் குக் 1941-ல் அமெச்சூர்களுக்காக எழுதிய புத்தகத்தில் இந்த இடங்களை எலும்பு முறிவுக்கு ஒப்பிடுவார். சரியா கட்டுப் போட்டா, முறிஞ்ச இடம் மத்த இடத்தை விட உறுதியா கூடும்னு அவர் வாதம். மருத்துவம் எப்படியோ, பியானோவுல அது நிஜம்.

கடைசியில இருந்து முன்னோக்கிப் பழகுறது இன்னொரு வழி. முதல் நாள் கடைசி நாலு பார். அடுத்த நாள் அதுக்கு முந்தின நாலும் கடைசி நாலும். இப்படி வந்தா, வாசிக்கும்போது தெரியாத இடத்துல இருந்து தெரிஞ்ச இடத்துக்குப் போயிட்டிருப்போம். மனசுல பயம் ஏறாது.

விரல் எண்ணைப் பென்சிலால எழுதி வைங்க. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. இன்னிக்கு மூணாவது விரல், நாளைக்கு நாலாவது விரல்னு மாத்திக்கிட்டே இருந்தா கை எதையும் நினைவு வைக்காது. வேகம் பத்தி நமக்கு யாரும் சொல்லித் தரணும்னே இல்ல. வர்ணத்தை மூணு காலத்துல சாதகம் பண்ற மரபுல வந்தவங்க நாம. முதல் காலம் நிதானமா, அதுக்கு ரெண்டு மடங்கு, அதுக்கும் ரெண்டு மடங்கு. மெட்ரோனோமை 50-ல் வச்சுத் தொடங்குறதும் அதே யோசனைதான். மெதுவான காலத்துல தப்பில்லாம மூணு தடவை வந்தாத்தான் அடுத்த எண்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் மொத்தமா உட்கார்றதை விட, ஆறு நாள் இருபது இருபது நிமிஷம் மேல். இடைவெளி விட்டுப் படிச்சது நிலைக்கும்னு எப்பிங்ஹவுஸ் 1885-லயே எழுதி வச்சுட்டார். ராத்திரி எவ்வளவு முயற்சி பண்ணியும் வராத ஒரு பார், மறுநாள் சாயங்காலம் முதல் தடவையே வந்து நிக்கும். தூங்கி எழுந்த பிறகு விரல் வரிசை மேம்படுறதை ஆய்வகங்களிலும் பார்த்திருக்காங்க. அதனால வரலைன்னா சண்டை போடாம மூடிட்டுப் போய்ப் படுங்க. இல்லத்தரசரோ இல்லத்தரசியோ சந்தோஷப்படுவாங்க.

வாரத்துக்கு ஒரு தடவை போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. முதல்ல கேட்கச் சகிக்காது. வாசிக்கும்போது நாம சுலபமான இடத்துல ஓடி, கஷ்டமான இடத்துல நொண்டுறது அப்பத்தான் காதுல விழும்.

நாலு கை

பிள்ளை கத்துக்கிட்டு இருந்தா, அதுகூட சேர்ந்து வாசிக்கிற பீஸ்களைத் தேடுங்க. ரெக்கார்டு வர்றதுக்கு முன்னாடி, ஐரோப்பாவுல நிறைய வீடுகள் சிம்பனியைக் கேட்டதே நாலு கை பியானோ வடிவத்துலதான். டியாபெல்லியின் ஓபஸ் 149-ல் 28 சின்ன பீஸ்கள். மாணவர் பக்கம் முழுக்க அஞ்சு ஸ்வரத்துக்குள்ளயே நிற்கும், கையை நகர்த்தவே வேண்டாம். சிக்கலான பக்கம் பெரியவங்களுக்கு. ஆறு மாசம் கத்துக்கிட்ட பிள்ளை உண்மையான இசைக்கு நடுவுல உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் தேறினதும் ராவெல் 1910-ல் எழுதிய 'மா மேர் லுவா'வின் முதல் பீஸ். நண்பரோட ரெண்டு குழந்தைகளுக்காக எழுதினது, 20 பார். ஃபோரேயின் டாலி தொகுப்புத் தாலாட்டும் இருக்கு. பிரிட்டனில் ரொம்ப நாள் இருந்தவங்களுக்குப் பழைய பிபிசி குழந்தைகள் நிகழ்ச்சியில கேட்ட மெட்டு.

பாட்டியையும் சேர்க்கணும்னா முத்துசுவாமி தீட்சிதர் இருக்கார். செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியத்தில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்பார்கள், சுமார் நாற்பது இருக்கு. அநேகமா எல்லாமே சங்கராபரண ஸ்வரத்துல, அதாவது மேஜர் ஸ்கேல்ல. அவர் தம்பி பாலுசுவாமிதான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். நோட்டுஸ்வரத்துக்குக் கமகம் வேண்டியதில்லைங்கிறதால பியானோவுல அப்படியே வரும். 'சந்ததம் பாஹிமாம்' எடுத்து வாசிங்க. பாட்டி பாடுவாங்க. பிள்ளை ஆங்கிலத் தேசிய கீதம்னு சத்தியம் பண்ணும். ரெண்டு பேர் சொல்றதும் சரி.

வாசிச்சுக் காட்டுறது

வீட்டுக்குள்ள தனியா ஒழுங்கா வர்றது, இன்னொரு ஆள் பார்த்தா வராது. கை நடுங்கும், பெடல் மேல கால் நடுங்கும். இது தொழில்முறை ஆட்களுக்கும் உண்டு. சின்னச் சின்னதா பழகினாத்தான் குறையும். முதல்ல போன் கேமரா முன்னாடி, அப்புறம் பிள்ளை முன்னாடி, அப்புறம் ரெண்டு நண்பர்கள் முன்னாடி. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் மாதிரி ரயில் நிலையங்கள்ல பொதுப் பியானோ இருக்கு. அங்க யாரும் நின்னு கேட்க மாட்டாங்க, அதனாலயே நல்ல இடம்.

எங்க பக்கத்துல அஞ்சாறு குடும்பம் மாசத்துக்கு ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் வீட்டுல கூடுறோம். விதிகள் கொஞ்சம்தான். ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நடுவுல நின்னுட்டா மறுபடி தொடங்கலாம், மன்னிப்புக் கேட்கக் கூடாது. எந்த கிரேட்னு யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பிள்ளைங்க வாசிச்சா பெரியவங்களும் வாசிக்கணும், சும்மா வீடியோ எடுத்துட்டுப் போக முடியாது. கடைசி விதியைப் போட்டது பிள்ளைங்கதான்.

போன தடவை ஒரு அங்கிள், அறுபத்திரண்டு வயசு, ஓய்வுக்கு அப்புறம் முதல் தடவையா கீபோர்டு தொட்டவர், மினுவெட்டோட முதல் எட்டு பாரை மட்டும் வாசிச்சார். "மீதி அடுத்த மாசம்"னு சொல்லிட்டு எழுந்தார். என் ஏழு வயசு மகள் அவர்கிட்டப் போய், ஆறாவது பார்ல எந்த விரல் போட்டீங்கன்னு கேட்டா. ரெண்டு பேரும் மறுபடி பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க. சாம்பார் ரெண்டு தடவை சூடு பண்ண வேண்டியதாயிடுச்சு.